மாதேவிக்காக நான் எழுதிய ஒரு பக்கம்

1

மேட்டூரில் பஸ் ஏறினால் கொளத்தூர், பாலாறு செக்போஸ்ட், மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் என்று சுற்றி மைசூர் வந்து சேர அரை நாள் ஆகும். இதைப் போய் அயலூர் வாழ்க்கை என்று எழுதுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். மஸ்கட்டில் இருக்கும் என் தங்கையும் அப்படித்தான் சொல்வாள். "உனக்கென்னக்கா, பக்கத்து ஊட்ல இருக்கற மாதிரி. நெனச்சா பஸ் ஏறிடலாம்." நினைத்தால் ஏறிவிடலாம் என்பதாலேயே ஏறாமல் போன வருடங்கள் அதிகம். இந்த ஆனியோடு நான் மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

வருடாவருடம் இந்த மாதத்தில் நம்மூர் மலர் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்புவது வழக்கம். தசரா விளக்குகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க எட்டு மாதம் அலைந்த கதையை எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்த வருடம் அப்படி எதுவும் வரவில்லை. ஒரு பெண்ணைப் பற்றியும், அவள் விஷயத்தில் நான் செய்த காரியத்தைப் பற்றியும் எழுதப் போகிறேன். மைசூரில் என்னைச் சுற்றி இதைப் படிக்க ஆள் இல்லை. என் மகள் ரம்யாவுக்கே தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2

ஊருக்கு வெளியே சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வெல்ஃபேர் ஆபீசர் என்று பெயர். குழந்தைகள் காப்பகம், கேன்டீன் சாம்பாரைப் பற்றிய புகார், பேறுகால விடுப்பு எல்லாம் என் மேஜைக்கு வரும். அதோடு கம்பெனியின் பெண்கள் கபடி அணிக்கும் நான்தான் மேனேஜர். பெண் பிள்ளைகளோடு வெளியூர் போய்வர ஒரு பெண் வேண்டும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் என் தலையில் கட்டினார்கள்.

மாதேவி அடுத்த வருடம் சேர்ந்தாள். கௌதள்ளிக்காரி. ஹனூரைத் தாண்டி மலைக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர் அது. தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம், வீட்டில் பேசுவது நம் பக்கத்துத் தமிழ். முதல் நாள் என் அறைக்கு வந்து, "ஏனுங்க்கா, ஹாஸ்டல் சாவி உங்ககிட்டத்தான் வாங்கோணுங்களா?" என்று கேட்டாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த 'ஓணு'வைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது!

அவள் ரெய்டர். மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எதிராளிகளின் பக்கத்துக்குத் தனியாகப் போகிறவள். ஏழு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் கணுக்காலை ஒருத்தி பிடிப்பாள், இடுப்பை ஒருத்தி பிடிப்பாள், மேலே இரண்டு பேர் விழுவார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடுவதில் மாதேவிக்கு இந்த ஜில்லாவில் நிகர் இல்லை.

கம்பெனிக்கு அவள் விலை உயர்ந்தவள்தான். மற்றப் பெண்கள் நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்திருக்க, இவள் காலையும் மாலையும் கிரவுண்டில் இருப்பாள். சூப்பர்வைசர் சம்பளம், தனி அறை, தினமும் முட்டை பால், வாரத்தில் மூன்று நாள் கறி, முழங்காலுக்கு ஊசி. ஆனால் வேலை மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஐந்தாவது சீசன் முடிந்தால் நிரந்தரம் செய்வதாக ஜி.எம். வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். போன வருடம் அந்த ஐந்தாவது சீசன்.

போன ஆடியில் ஒரு நாள் காலைப் பயிற்சியில் புதுப் பெண் ஒருத்தியின் முழங்கால் மாதேவியின் காதுக்கு மேலே இடித்தது. கோச் புட்டசாமி கேட்டுக்குப் பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாதேவி சற்று நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு எழுந்து, தன் பக்கத்துக்கு வராமல், எதிரணிப் பெண்களோடு வரிசையில் போய்க் கை கோத்து நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தண்ணீர் குடிக்க ஷெட்டுக்கு வந்தபோது என்னிடம், "யாருக்கா ஜெயிச்சது?" என்று கேட்டாள்.

பயிற்சியில் ஜெயிப்பது ஏது? நான் முகத்தைப் பார்ப்பதைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க்கா. கோச்சுக்குத் தெரிஞ்சா உக்கார வெச்சுருவாரு. இந்த ஒரு வருசம் ஓடிருச்சுன்னா பர்மனென்ட் ஆயிருமில்லீங்களா."

நானும் கொளத்தூர்ப் பள்ளியில் புழுதியில் கபடி ஆடியவள்தான். தலையில் அடிபட்டால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி எழுப்பி மறுபடி ஆட விடுவார்கள். அந்த நினைப்பில் சரி என்றேன்.

3

இரண்டு வாரம் கழித்து ஜி.எம். என்னையும் கோச்சையும் கூப்பிட்டார். "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்று வழக்கம்போலக் கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் அவர் எந்த விஷயத்தையும் தொடங்குவதில்லை. நல்ல மனிதர். அவர்கள் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"மாதேவிக்கு ஆகிற செலவில் ஹாசன் பக்கத்திலிருந்து இரண்டு சின்னப் பெண்களை எடுக்கலாம். இவளுக்கு இருபத்தெட்டு ஆகிறது. முட்டியில் ஏற்கனவே ஊசி. மேலிடத்தில் கேட்கிறார்கள், இவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா?"

கோச் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "சார், அவள் உள்ளே போனால் ஏழு பேரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் நம்முடைய மற்றப் பெண்களுக்கு வழி கிடைக்கிறது. அவளை எடுத்துவிட்டு இரண்டு பேரை வைத்தால் இரண்டு பேரையும் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்."

"ஏழு பேரும் அவள் ஒருத்தி மேலேயே விழுகிறார்கள் என்றால், எத்தனை வருடத்துக்கு ஒரு உடம்பு தாங்கும் புட்டசாமி?"

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "கூடவே இருப்பது நீங்கள்தான் மேடம். ஒந்து பேஜ் ரிப்போர்ட் கொடி. நீங்கள் சொல்வதை வைத்து முடிவு செய்கிறேன்."

மைசூர் வந்த புதிதில் யாராவது 'கொடி' என்றால் நான் கொடியைத் தேடுவேன். கன்னடத்தில் அதற்குக் 'கொடுங்கள்' என்று அர்த்தம். இப்போது தேடுவதில்லை. ஒரு பக்கம் கொடுத்தேன்.

அதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. அடிபட்டதை எழுதினால் அவளை விடுவித்துவிடுவார்கள், நிரந்தர வேலை போய்விடும். பெங்களூர் அணி ஒன்று ஏற்கனவே ஆள் விட்டுக் கேட்டிருந்தது. இங்கே வேண்டாம் என்றால் அங்கே போய் ஆடத்தான் போகிறாள். அப்படியானால் நான் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் போய்விட்டால் அந்தக் கட்டடத்தில் என்னோடு தமிழ் பேச ஒருவரும் இல்லை. காவிரித் தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பும் நாட்களில் பஸ்ஸில் போனை எடுக்கவே பயந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் தங்கையைக் கூப்பிட்ட காலமெல்லாம் எனக்கு உண்டு. அப்படிக் குரலைத் தணித்துத் தணித்தே வாழ்ந்தவளுக்கு, மாதேவி என் அறைக்குள் வந்து சத்தமாக "என்னுங்க்கா" என்பது எவ்வளவு பெரிது என்று மஸ்கட்டில் இருப்பவர்களுக்காவது புரியும்.

என் கன்னட எழுத்தில் பிழை வரும். ரம்யாதான் திருத்தித் தருவாள். அப்போது பி.யூ.சி. கடைசி வருடம், நம்மூர் பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். நான் தமிழில் கேட்டால் அவள் கன்னடத்தில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டில் அப்படிப் பழகிவிட்டது. திருத்தி முடித்துவிட்டு, "அவருக்குத் தலையில் அடிபட்டதை எழுதவில்லையே அம்மா?" என்றாள். அடிபட்ட அன்று நான்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

"அது இதுக்கு வேண்டாம்."

அவள் காகிதத்தை நீட்டினாள். 'அணிக்கு மாதேவி அவசியம், ஒப்பந்தத்தைத் தொடரலாம் என்பது என் கருத்து' என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டேன். ஜி.எம். அதை ஏற்றுக்கொண்டார். மாதேவி என் அறைக்கு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். எனக்கு இரண்டு முறை கொண்டுவந்தாள். இரண்டாம் முறை, "உங்களுக்குக் குடுக்கவே இல்லீங்களே" என்றாள்.

4

எங்கள் வீடு அக்ரஹாரத்தில், ஒரு மாடி வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாதேவி சாப்பிட வருவாள். வரும் வழியில் முனைப் பூக்கடையில் எனக்கும் ரம்யாவுக்கும் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வருவது நாலு வருடப் பழக்கம்.

ஆவணியில் ஒரு ஞாயிறு ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. "அக்கா, உங்க ஊடு எந்தச் சந்துங்க?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "எங்க நிக்கற?"

"தெரியலீங்க்கா. எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்குது."

அவள் கையிலிருந்து பூக்கடைக்காரி போனை வாங்கினாள். "மேடம், உங்கள் வீட்டுப் பெண் இதே இடத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று தடவை வந்துவிட்டாள். இரண்டு தடவை பூ வாங்கிவிட்டாள்," என்றாள் கன்னடத்தில்.

ரம்யா ஸ்கூட்டரில் போய் அழைத்துவந்தாள். மாதேவியின் கையில் நாலு முழம் பூ இருந்தது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். சாப்பிடும்போது ரம்யாவிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். ரசத்துக்கு வந்தபோது மறுபடி கேட்டாள். ரம்யா இரண்டு தடவையும் ஒரே மாதிரி பொறுமையாகப் பதில் சொன்னாள். மாதேவி கிளம்பியதும் என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, அவருக்கு என்னவோ ஆகியிருக்கிறது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ."

"வெயில்ல வந்திருக்கா. அதான்."

ரம்யா ஜன்னலைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து தூறல்.

5

தசராவுக்கு முன்னால் ஆலைகளுக்கு இடையிலான போட்டி. அதற்கான காகிதங்களோடு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். மாதேவியின் ஆதாரில் கௌதள்ளி இருக்கும் சாமராஜநகர் ஜில்லா முகவரி இருந்ததால் அவள் மைசூர் அணியில் ஆட முடியாது என்றார்கள். ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று கம்பெனிக் கடிதம் கொண்டுபோனேன். கடிதத்தில் வட்ட முத்திரை இருக்கிறது, சதுர முத்திரை வேண்டும் என்றார்கள். சதுர முத்திரையோடு போனால் அதிகாரி ஊரில் இல்லை. அவள் எங்கே வசிக்கிறாள் என்பதை நிரூபிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

உடற்தகுதிப் படிவம் அதோடு இருந்த கடைசித் தாள். டாக்டர் முழங்காலையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து முத்திரை வைத்துவிட்டார். முன்பு நடந்த காயங்களைப் பற்றிய பகுதி மேனேஜர் நிரப்ப வேண்டியது. 'கடந்த ஆறு மாதத்தில் தலையில் அடிபட்டதா?' என்று கன்னடத்தில் கேட்டு எதிரே ஒரு கட்டம்.

அலுவலகத்துக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் மாதேவி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கவுண்டரில் ஆள் தாளுக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தார். 'இல்ல' என்று எழுதினேன். கன்னடத்திலும் அதே சொல்தான். எழுத்துப் பிழைகூட வரவில்லை.

6

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பதினோரு மணி வெயில். கம்பெனியிலிருந்து இரண்டு பஸ் நிறையப் பெண்கள் வந்து விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் மாதேவி சடையைப் பின்னி முடித்து, பிரித்து, மறுபடி பின்னினாள். மூன்றாவது தடவை பிரித்தபோது நான் போய்ப் பின்னிவிட்டேன். தலை சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை.

முதல் பாதியில் அவள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் கேன்டீனில் பேசுகிறார்கள். இரண்டாம் பாதியில் ஒரு ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மூன்று பேர் சேர்ந்து அவளைத் தூக்கிச் சாய்த்தார்கள். பின்மண்டை தரையில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. பாயிண்ட் நமக்கு. விசில் காதைப் பிளந்தது. அவள் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டாள்.

நான் எழுந்து நின்றேன். கோச்சிடம் போய், போதும், அவளை உட்கார வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். ஆடி மாதத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். நான் திரும்ப உட்கார்ந்தேன்.

இன்னும் இரண்டு ரெய்டு போனாள். மூன்றாவது தடவை கோட்டைத் தாண்டி நடந்தாள், உதடு அசையவில்லை. பாடாமல், சும்மா, கடைக்குப் போகிறவள் மாதிரி எதிரணிக்குள் நடந்து போனாள். அவர்கள்கூடப் பிடிக்காமல் பார்த்தார்கள். நடுவர் விசில் ஊதி அவுட் கொடுத்தார். மாதேவி நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, பாட்டு வர மாட்டேங்குது."

என் காலடியில் உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். அதன் பிறகு கண் திறக்கவில்லை.

7

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. திறந்து எடுத்தார்கள். பழைய கசிவும் இருக்கிறது, முன்பு எப்போதாவது அடிபட்டதா என்று டாக்டர் கேட்டபோது அவளுடைய அண்ணன், ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவர், தெரியாது என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் பேசினாள். "தண்ணி." நர்ஸ், "நீரு பேக்கா?" என்று கேட்டாள். மாதேவி அவளைப் புரியாமல் பார்த்தாள். மற்றவர்கள் பேசிப் பார்த்தார்கள். அவளுக்குக் கன்னடம் போய்விட்டது. என்னைவிட நூறு மடங்கு நன்றாகக் கன்னடம் பேசியவள், கன்னடத்தில் பத்தாவது வரை படித்தவள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் மாட்டின் படத்தைக் காட்டி 'ஹசு' என்றால் பேசாமல் இருப்பாள். நான் 'மாடு' என்றால் முகம் மலரும். சிலருக்கு வீட்டில் பேசிய மொழிதான் முதலில் திரும்பும் என்று அந்தப் பெண் சொன்னாள். தமிழும் முழுதாக வரவில்லை. பேசியது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். கேட்டதையே கேட்பாள்.

வாரத்தில் மூன்று நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன். நர்ஸுகள் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். சொந்த அக்காகூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றார்கள். அந்த டீயைக் குடித்தேன்.

ஒரு நாள் மாலை ஜி.எம். பார்க்க வந்தார். வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்தார். அணிப் பெண் ஒருத்தி அவரிடம் ஆடி மாதத்து விஷயத்தைச் சொல்லியிருந்தாள். "பயிற்சியில் அடிபட்டது உங்களுக்குத் தெரியுமாமே மேடம். படிவத்தில் ஏன் எழுதவில்லை?"

சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். உண்மையாகவே முடிவு செய்தேன். பதற்றத்தில் கன்னடம் எனக்குத் தமிழின் மேல்தான் ஏறி வரும். 'மறைத்துவிட்டேன் சார்' என்று சொல்ல நினைத்து, "நானு மரெத்துபிட்டே சார்" என்றேன்.

கன்னடத்தில் அதற்கு, நான் மறந்துவிட்டேன் என்று அர்த்தம்.

அவர் முகம் தளர்ந்தது. "மரெத்ரா? பரவாகில்லா மேடம். இத்தனை காகிதத்துக்கு நடுவில் யாருக்கும் மறக்கும். ஆனால் இதை வெளியே சொல்ல வேண்டாம். காப்பீட்டுக்காரர்கள் பழைய காயம் என்று சொல்லி அவளுக்கு வர வேண்டியதை நிறுத்திவிடுவார்கள்."

ரம்யா எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். இரண்டு மொழியும் தெரிந்தவள். நான் சொல்ல வந்தது என்ன, அவர் காதில் விழுந்தது என்ன, இரண்டும் அவளுக்கு விளங்கின. என்னைப் பார்த்தாள். நான் திருத்துவேன் என்று காத்திருந்தாள்.

"சரி சார்," என்றேன்.

ரம்யா டிபன் கேரியரை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த மாதம் டிகிரி சேர்ந்து, இதே ஊரில், பஸ்ஸில் இருபது நிமிட தூரத்தில் இருக்கும் காலேஜின் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். படிக்க வசதி என்றாள். தங்கை போனில், "நம்ம புள்ளைங்க எல்லாமே அப்படித்தான்க்கா, வேற மொழி, வேற ஊரு, தூரமாப் போயிருது" என்று ஆறுதல் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

8

தை மாதம் மாதேவியை அண்ணன் கௌதள்ளிக்கு அழைத்துப் போனார். காப்பீடு கிடைத்தது. பங்குனியோடு ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஹாசன் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் நன்றாக ஆடுகிறார்கள். ஏழு பேர் அவர்கள் மேல் விழும்போது நான் கிரவுண்டைப் பார்ப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொள்ளேகால் போய் பஸ் மாறிப் போகிறேன். முதல் தடவை போனபோது அண்ணன் வீட்டுக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி வளரத் தொடங்கியிருந்தது. தமிழ் ஓரளவு திரும்பியிருந்தது.

"அக்கா, என்னைய ஏன் டீம்ல இருந்து எடுத்துட்டாங்க? நீங்க ஜி.எம்.முக்கு என்னுங்க எழுதுனீங்க?"

சொன்னேன். வேண்டும் என்று எழுதியதை, அடிபட்டதை விட்டுவிட்டதை, படிவத்தில் 'இல்ல' என்று போட்டதை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நாந்தானுங்க்கா சொல்ல வேண்டாம்னேன். உடுங்க." திரும்பும் பஸ்ஸில் காடு முடியும்வரை அழுதுகொண்டு வந்தேன். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது, புதிதாகக் கேட்பதுபோல அதே கேள்வியைக் கேட்டாள். மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. அதற்கடுத்த முறை மறுபடி கேட்டாள். நான் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். "நீ வேணும்னுதான் எழுதுனேன்" என்றேன். சின்னக் குழந்தைபோலச் சிரித்தாள். ஆளைப் பிடித்து ஆட்டுவிக்கிற சிரிப்பு அது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்தப் பாதியைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவளுக்கு நினைவில் நிற்கப் போவதில்லையே, எதற்கு வருத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிறு போனேன். மாதேவியும் அவள் அண்ணியும் முறத்தை நடுவில் வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதான் மாதேவி."

அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். "மொதல்ல ஒருக்கா வந்தப்ப வேற என்னமோ சொன்னீங்களே. ஏதோ ஃபாரத்துல 'இல்ல'ன்னு எழுதுனதா. அத ஏன் இப்பச் சொல்றதில்லீங்க?"

அண்ணி நிமிர்ந்தாள். ஒரு நாள் கேட்டதை இன்னொரு நாள் அவளாகச் சொன்னால் உடனே தகவல் சொல்லுங்கள், அதுதான் நல்ல அறிகுறி என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். "மாதேஸ்வரா!" என்று மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள் அண்ணி. "நெனப்பு வந்துருச்சுங்க! கேட்டீங்களா, நெனப்பு வந்துருச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர். நானும் சந்தோஷப்பட வேண்டிய நேரம்.

மாதேவி என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலிலிருந்து சொன்னேன். ஷெட்டில் அவள் யார் ஜெயித்தது என்று கேட்டது, அக்ரஹாரத்தில் வழி தெரியாமல் நின்றது, சிமென்ட் பெஞ்சு, நான் எழுந்து நின்றுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது. அதுவரை ஒருவருக்கும் சொல்லாததையும் சொன்னேன். வராந்தாவில் ஜி.எம். தப்பாகக் கேட்டுக்கொண்டதும், நான் அதை அப்படியே விட்டுவிட்டதும். அண்ணியின் கை கொஞ்சம் கொஞ்சமாக என் தோளிலிருந்து இறங்கியது.

"ரம்யா டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகச் சொன்னாளா?" மாதேவி கேட்டது அது ஒன்றுதான்.

"சொன்னா."

"சின்னப் புள்ள. அதுக்குத் தெரிஞ்சுருக்குது."

பிறகு அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, பையனோட நோட்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அக்கா சொன்னத எழுதி வெய்யுங்க. நாளைக்கு மறந்துட்டன்னா எனக்குப் படிச்சுக் காட்டோணும்."

அண்ணி உள்ளே போய் நோட்டும் பேனாவும் கொண்டுவந்தாள். தமிழைக் கன்னட எழுத்தில் எழுதத் தெரிந்தவள். முறத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதுவரை என்னை 'வாங்கக்கா, சாப்பிடுங்கக்கா' என்றே கூப்பிட்டவள்.

"சொல்லுங்க மேடம்," என்றாள். "எப்புடி எழுதட்டும்?"

நான் திரும்ப வேண்டிய மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நின்று, போயிற்று. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.